இன்றைய இலாபமும் நாளைய தொழிலும்



எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு புகைப்பட நிலையம் இருந்தது. அதன் உரிமையாளரை ஊரார் அனைவரும் அண்ணாச்சி என்றே அழைப்பார்கள். நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது மாலை வேளைகளில் அங்கே போய் நிற்பது வழக்கம். இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் ஊற்றிய மருந்து நீருக்குள் ஒரு வெள்ளைத் தாள் மெல்ல மெல்ல மனித முகமாக மாறுவதைக் காண்பதைவிடப் பெரிய வேடிக்கை அந்நாளில் எனக்கு வேறு இருந்ததில்லை. அண்ணாச்சி தாம் எடுத்த ஒவ்வொரு படத்தின் நெகடிவையும் சிறு காகித உறையில் இட்டு, எண் எழுதி, ஆண்டுவாரியாகத் தகரப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். மறுபிரதி வேண்டுவோர் சீட்டைக் கொண்டுவந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் உறையை எடுத்துவிடுவார்.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை என்றும் காணாத உயரத்துக்கு ஏறிற்று. கறுப்பு வெள்ளை நெகடிவில் நாம் கருமையாகக் காண்பதெல்லாம் நுண்ணிய வெள்ளித் துகள்களே. ஆதலால் பழைய நெகடிவ்களையும், படம் கழுவி மிஞ்சிய ஹைப்போ நீரையும் விலைக்கு வாங்க வெளியூர் வியாபாரிகள் வந்து சேர்ந்தனர். அண்ணாச்சியின் வீட்டில் அப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்து ஆண்டுப் பெட்டிகளை எடைபோட்டுக் கொடுத்துவிட்டார். சில மாதங்கள் சென்றபின் ஓர் அம்மையார் கையில் பழைய சீட்டுடன் வந்தார். காலமான தம் கணவருடைய ஒரே படத்தின் எண் அதில் இருந்தது. "அந்தப் பெட்டி இப்போது இல்லையே அம்மா" என்று அண்ணாச்சி சொன்னதும், அவர் நெடுநேரம் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்திருந்ததும் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

பிற்காலத்தில் நான் வணிகவியல் கற்றேன். அதையே முப்பது ஆண்டுகள் கற்பித்தும் வந்தேன். பெரிய கம்பெனிகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தகரப் பெட்டிகள் என் நினைவுக்கு வந்துவிடும். கையிலுள்ளதை இன்றைய விலைக்கு விற்பதா, நாளைக்கென்று வைத்திருப்பதா என்ற அதே கேள்விதான் அவற்றின் இயக்குநர்கள் முன்னும் நிற்கிறது. ஆனால் அண்ணாச்சி விற்றது தம் சொந்தப் பொருளை. கம்பெனி நிர்வாகி விற்பது பிறர் பொருளை. அதன் விளைவை அனுபவிப்பவர்களோ, பெரும்பாலும் அவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனபின் வந்து சேருகிறவர்கள்.

இங்கே கணக்குப் புத்தகத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒரு கம்பெனி ஆண்டுதோறும் பத்துக் கோடி ரூபாயை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளையே அந்த ஆராய்ச்சிக் கூடத்தைப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? அந்த ஆண்டின் இலாபம் பத்துக் கோடி கூடிவிடும். பங்குதாரர் மகிழ்வர், நிர்வாகிக்குப் பாராட்டும் வெகுமதியும் கிடைக்கும். அந்தக் கூடத்தில் பத்து ஆண்டுகளுக்குப்பின் பிறந்திருக்கக்கூடிய பொருள் எந்த ஏட்டிலும் நட்டமாக எழுதப்படுவதில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பேரேட்டில் பக்கம் ஏது? எந்திரத்துக்கு எண்ணெய் போடாமல் ஓட்டினாலும், தேர்ந்த தொழிலாளியை அனுப்பிவிட்டுக் கூலி குறைந்தவரை அமர்த்தினாலும் இதே கதைதான். வரவு இன்றைய தேதியில் பதிவாகிறது. செலவு தேதியில்லாமல் காத்திருக்கிறது.

பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1970-இல் வந்தது. நம் நாட்டிலும் காலாண்டு அறிக்கை உண்டு. இதைக் குறை கூறிவிட முடியாது. பணம் போட்டவனுக்கு அது என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை இருக்கிறது. கேட்பாரில்லாத இடத்தில் களவு நுழைவதும் எளிது. ஆனால் நாற்று நட்ட மறுநாள் முதல் பிடுங்கிப் பிடுங்கி வேரைப் பார்ப்பவனுக்கு விளைச்சல் எப்படிக் கிடைக்கும்? 2005-இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் மூவர் வெளியிட்ட ஓர் ஆய்வில், நிதி நிர்வாகிகள் ஏறத்தாழ நானூறு பேரிடம் கேள்வி கேட்டிருந்தார்கள். காலாண்டின் இலாப இலக்கை எட்ட முடியாமற்போகும் நிலை வந்தால், ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்பு போன்ற செலவுகளைக் குறைத்துவிடுவோம் என்று அவர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் ஒப்புக்கொண்டனர். அவர்களைத் தீயவர் என்று நான் எண்ணவில்லை. அவர்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி அப்படிச் செய்விக்கிறது.

இதற்குச் சான்றாக ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லப்போகிறேன். அண்ணாச்சியின் கடையில் மஞ்சள் நிற அட்டைப் பெட்டிகளில் பிலிம் வரும். அந்த மஞ்சள் பெட்டிக்கு உரிய கோடக் கம்பெனியின் கதையே அது. இதை மேடைகளில் பலரும் சொல்வதுண்டு. கோடக் புதுமையைக் காணத் தவறிற்று, ஆகவே அழிந்தது என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மை அவ்வளவு எளிதன்று.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற இளைஞர் 1880-இல் புகைப்படத்துக்கான கண்ணாடித் தகடுகள் செய்யத் தொடங்கினார். அத்தொழில் நன்றாகவே நடந்தது. ஆயினும் அவர் அதில் நின்றுவிடவில்லை. கண்ணாடிக்குப் பதிலாகச் சுருட்டக்கூடிய பிலிமைக் கொண்டுவரப் பாடுபட்டார். 1888-இல் அவர் விற்ற கோடக் காமிராவின் விலை 25 டாலர். அதில் நூறு படம் எடுக்கப் பிலிம் ஏற்றியிருக்கும். எடுத்து முடித்ததும் காமிராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட்டால், பத்து டாலருக்குப் படங்களைக் கழுவிக் கொடுத்துப் புதுப் பிலிமும் ஏற்றி அனுப்புவார்கள். 1900-இல் ஒரே டாலருக்கு ஒரு காமிராவை விற்றார். ஒரு டாலர் காமிராவில் என்ன இலாபம் கிடைத்துவிடும் என்று கேட்பீர்கள். காமிரா கோழி, பிலிம்தான் முட்டை. கோழியை மலிவாகக் கொடுத்துவிட்டு, ஆயுள் முழுதும் முட்டைக்கு விலை வாங்கினார் அவர்.

முதல் உலகப் போரின்போது இரசாயனப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பிறரை நம்பியிருந்தால் தொழில் நின்றுவிடும் என்று கண்ட ஈஸ்ட்மன், 1920-இல் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட் நகரில் சொந்தமாக ஓர் இரசாயனத் தொழிற்சாலையை நிறுவினார். இந்தக் கிங்ஸ்போர்ட் தொழிற்சாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைக் குறித்து மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

1970-களில் அமெரிக்காவில் விற்ற பிலிமில் பத்தில் ஒன்பது பங்கு கோடக்குடையது. அந்தச் செழிப்பின் நடுவில்தான், 1975-இல், அக்கம்பெனியின் இளம் பொறியியலர் ஸ்டீவன் சாசன் பிலிமே தேவையில்லாத ஒரு காமிராவைச் செய்து காட்டினார். அது மூன்றரைக் கிலோவுக்குமேல் எடையுள்ள ஒரு பெட்டி. ஒரு படத்தை எடுத்துக் காசெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடிக்கும். பத்தாயிரம் புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம். அதையும் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்க்கலாம். இன்று உங்கள் கையிலுள்ள தொலைபேசியில் உள்ள காமிராவுக்குப் பாட்டி என்று அதைச் சொல்லலாம். மேலிடத்தார் வியந்தார்கள், ஆனால் இதை வெளியில் பேசவேண்டாம் என்ற போக்கிலேயே இருந்தார்கள் என்று சாசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1981-இல் ஜப்பானின் சோனி கம்பெனி பிலிமில்லாத காமிரா ஒன்றைக் காட்டியபோது, கோடக் தன் சந்தை ஆய்வுப் பிரிவைக்கொண்டு ஒரு பெரும் ஆராய்ச்சி நடத்தியது. மின்னணு முறை பிலிமை வென்றுவிடக்கூடும். ஆயினும் அதற்கு ஆயத்தமாக நமக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று அந்த ஆய்வு கூறியது. பாருங்கள், எவ்வளவு தெளிவான கணிப்பு! சோதிடரிடம் போனாலும் இப்படிக் கிடைக்காது. வருவது தெரியவில்லை என்று கோடக்கைக் குற்றம் சாட்ட வழியே இல்லை.

தெரிந்தும் ஏன் அசையவில்லை? டிஜிட்டல் காமிராவில் முட்டை இல்லை. ஒருமுறை விற்றால் அதோடு சரி. பிலிம் இல்லை, தாள் இல்லை, கழுவும் மருந்து இல்லை. ஒவ்வொரு காமிராவும் தன் பிலிம் வியாபாரத்தைத் தானே தின்றுவிடும். ஒரு நிர்வாகி அந்த முடிவை எந்த ஆண்டில் எடுத்தாலும் அந்த ஆண்டுக் கணக்கில் இலாபம் சரியும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதற்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. அப்படிப் பத்து ஆண்டுகள் போயின. ஒரே தவறான முடிவால் வீழ்ந்த கம்பெனிகள் சிலவே என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும் பத்து முடிவுகள் சேர்ந்து வீழ்த்தியவையே மிகுதி.

அவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1988-இல் ஸ்டெர்லிங் டிரக் என்னும் மருந்துக் கம்பெனியை 510 கோடி டாலருக்கு வாங்கினார்கள். நெடுநாள் நோக்கில் செய்ததே அது. ஆனால் அதற்காகப் பட்ட கடன் கழுத்தை நெரித்தது. மருந்துத் தொழிலில் எதிர்பார்த்த பலனும் கிட்டவில்லை. 1994-இல் அந்த மருந்துத் தொழிலைத் துண்டு துண்டாக விற்றார்கள். இரத்தப் பரிசோதனைக் கருவிகள் செய்யும் பிரிவையும் அவ்வாண்டே விற்றார்கள். கிங்ஸ்போர்ட் இரசாயனத் தொழிற்சாலையை, கடனில் ஒரு பகுதியையும் அதன் தலையில் ஏற்றி, தனிக் கம்பெனியாகப் பிரித்து விட்டார்கள். நாங்கள் படமெடுக்கும் தொழிலில் மட்டும் கருத்தைச் செலுத்துவோம் என்றார்கள். சந்தையும் அதை மெச்சியது. அண்ணாச்சியின் தகரப் பெட்டிகள் எடைக்குப் போன கதை இங்கே வேறு உருவில் வருகிறது என்றே நான் கருதுகிறேன்.

ஏன் என்பதைக் கடலுக்கு அப்பால் ஜப்பானில் பார்க்கலாம். ஹக்கோனே மலையடிவாரத்தில் 1934-இல் தோன்றிய ஃபூஜி பிலிம் கம்பெனி, கோடக்குக்குத் தம்பி போன்றது. அண்ணனைப் பார்த்தே வளர்ந்தது. பச்சைப் பெட்டியில் பிலிம் விற்ற அக்கம்பெனியும் அதே முட்டைகளைத்தான் விற்று வாழ்ந்தது. 2000ஆம் ஆண்டில் அதன் இலாபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிலிமையும் அதைச் சார்ந்த பொருள்களையும் கொண்டே வந்தது. அந்த ஆண்டுதான் உலகில் பிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்டது. அடுத்த பத்தே ஆண்டுகளில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. அரிசி வியாபாரி ஒருவனிடம், பத்து ஆண்டுகளில் ஊரில் எவரும் சோறு உண்ணமாட்டார்கள் என்று சொன்னால் எப்படியிருக்கும், அதை எண்ணிப் பாருங்கள்.

2000-இல் தலைவராக வந்த ஷிகெதாகா கொமோரி, கம்பெனியிடம் இருந்த தொழில்நுட்பங்களையெல்லாம் கணக்கெடுக்கச் செய்தார். கணக்கெடுத்தது பணத்தையும் கட்டடத்தையும் அன்று; தம் ஆட்களுக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்பதை. வண்ணப் பிலிம் என்பது எளிய பொருளன்று. மயிரிழையைவிட மெல்லிய ஒரு பூச்சுக்குள் ஏறத்தாழ இருபது அடுக்குகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இரசாயனப் பொருள்கள். அந்தப் பூச்சில் பெரும்பகுதி ஜெலட்டின். அதாவது கொல்லாஜன் என்னும் புரதத்திலிருந்து வருவது. நம் தோலின் முக்கியப் பொருளும் கொல்லாஜனே. புகைப்படம் நாளடைவில் வெளுப்பதும், தோல் முதுமையால் வாடுவதும் பிராணவாயுவின் செயலோடு தொடர்புடையவை. படம் வெளுக்காமல் காக்கும் பொருள்களைப்பற்றி ஃபூஜி நீண்ட காலமாக ஆராய்ந்திருந்தது. அந்த அறிவைக் கொண்டு முகப்பூச்சு செய்து 2007-இல் விற்கத் தொடங்கினார்கள்! பிலிமின் அடிப்பகுதியாக இருந்த ஒளிபுகும் மெல்லிய தகட்டை, தட்டைத் தொலைக்காட்சித் திரைகளுக்கு உரிய பாதுகாப்புப் படலமாகச் செய்து கொடுத்தார்கள். அதற்குப் பெரும் முதலீடும் செய்தார்கள். 2008-இல் தொயாமா என்னும் மருந்துக் கம்பெனியை வாங்கினார்கள். எக்ஸ்-ரே படத்தைப் பிலிமில்லாமல் கணிப்பொறியில் காணும் கருவியை அவர்கள் 1983-லேயே கொண்டுவந்திருந்தார்கள். அது தங்கள் எக்ஸ்-ரே பிலிம் விற்பனையையே குறைக்கும் என்று அறிந்தும் செய்தார்கள்.

இரண்டு கம்பெனிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வருத்தம் தருவது இதுதான். 2007-இல் கோடக் தன் மருத்துவப் படப் பிரிவை 235 கோடி டாலருக்கு விற்றது. வந்த பணத்தில் ஒரு பகுதி கடனை அடைக்கப் போயிற்று. ஃபூஜி எந்தத் துறைக்குள் நுழைந்துகொண்டிருந்ததோ அந்தத் துறையிலிருந்து கோடக் வெளியேறிக்கொண்டிருந்தது. கோடக்கிடம் அந்த வேதியியல் அறிவு இல்லாமலா இருந்தது? உலகிலேயே மிகுதியாக இருந்தது அவர்களிடம்தான். படமெடுக்கும் தொழில் நம்முடையது என்று தங்களைப்பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டதால், மற்றதெல்லாம் விற்கத்தக்க உபரிச் சாமான்களாகத் தெரிந்தன.

நெடுநாள் நோக்கு என்றால் வருங்காலத்தை முன்கூட்டி அறிவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1981-இல் கோடக் அறிந்ததைவிட ஃபூஜி மிகுதியாக அறிந்துவிடவில்லை. தன்னிடம் உண்மையில் உள்ள சொத்து எது என்று கேட்டதும், அதைக் காக்க இன்றைய கணக்கில் நட்டத்தைத் தாங்கியதுமே வேறுபாடு.

ஆயினும் ஃபூஜியின் வழி மலர்ப்பாதை என்று எண்ணிவிடாதீர்கள். 2006-இல் புகைப்படப் பிரிவில் 5,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள். நாளைய பயிருக்காக இன்றைய தொழிலாளி வேலையிழந்தான் என்றால், அவனிடம் போய் நெடுநாள் நோக்கின் பெருமையை எப்படிப் பேசுவது? அன்றியும், ஃபூஜியிடம் கையிருப்புப் பணம் நிறைய இருந்தது; ஜப்பானில் பங்குதாரர்களின் நெருக்குதலும் அமெரிக்காவில் உள்ள அளவுக்கு இல்லை. கோடக்கின் நிலையோ வேறு. 2003-இல் அதன் நிர்வாகம் ஒரு துணிவான முடிவை எடுத்தது. ஆண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 1 டாலர் 80 சென்ட்டாக இருந்த ஈவுத்தொகையை 50 சென்ட்டாகக் குறைத்து, மிஞ்சும் பணத்தை டிஜிட்டல் தொழிலில் போடப்போவதாக அறிவித்தது. அன்று ஒரே நாளில் பங்கின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. ஆக, நிர்வாகிகளை மட்டும் நாம் குறைகூறிக்கொண்டிருக்க முடியாது. ஈவுத்தொகை குறைந்ததும் பங்கை விற்றுவிட்டு ஓடியவர்களுள், தம் முதுமைக்கென்று பணம் போட்டிருந்த எளிய மக்களின் ஓய்வூதிய நிதிகளும் இருந்திருக்கும் அல்லவா?

அத்துணிவும் காலம் கடந்து வந்தது. 2005-இல் அமெரிக்காவில் டிஜிட்டல் காமிரா விற்பனையில் கோடக் முதலிடத்தில்கூட இருந்தது. ஆனால் அத்தொழிலில் பெரிய இலாபம் இல்லை. சில ஆண்டுகளில் கைபேசி வந்து காமிராவையே விழுங்கிவிட்டது. 2012 ஜனவரி 19 அன்று கோடக் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 1980-களின் தொடக்கத்தில் ராச்செஸ்டர் நகரில் மட்டும் 60,000 பேருக்குமேல் அங்கே வேலை செய்தார்கள். அவர்களுள் பலர் தந்தைக்குப்பின் மகனாக அதே வாயிலில் நுழைந்தவர்கள். திவால் வழக்கின்போது, ஓய்வு பெற்றவர்களுக்கு அளித்துவந்த மருத்துவச் சலுகை 2012-இன் இறுதியோடு நிறுத்தப்பட்டது. நாற்பது ஆண்டு உழைத்துவிட்டு எழுபதாம் வயதில் மருத்துவச் செலவுக்கு வழி தேடும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். 1981-இல் அந்த ஆய்வு அறிக்கையைப் படித்தவர்கள் பெரும்பாலும் அதற்குமுன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

நம் நாட்டிலும் பிலிம் செய்தோம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அறியேன். உதகமண்டலத்தில், தூசியற்ற காற்றையும் குளிரையும் கருதி, 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுக் கம்பெனி நிறுவப்பட்டது. இந்து என்னும் பெயரில் அதன் பிலிம் வந்தது; அண்ணாச்சியும் அதை வாங்கியிருக்கிறார். 1990-களில் அது நலிந்தது, பின்னர் மூடப்பட்டது. அதன் காரணங்கள் பல. அது தனிப் பேச்சுக்கு உரியது. ஆனால் அங்கே பூச்சுப் பூசக் கற்ற தொழிலாளரின் கைத்திறமையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று எவரேனும் கணக்கெடுத்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று உதகைக்குப் போகும்போதெல்லாம் நான் எண்ணுவதுண்டு.

அண்ணாச்சியைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது. நகைக் கடைக்காரர் காத்திருப்பாரா? இன்றைய தேவை என்பதும் உண்மையானதே. நாளையை எண்ணியெண்ணி இன்று பட்டினி கிடக்கும் கம்பெனிக்கு நாளை என்பதே வராது. அன்றியும், நெடுநாள் நோக்கு என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கு ஆண்டு நட்டம் காட்டும் நிர்வாகிகளும் உலகில் இல்லாமலில்லை. ஆனால் அண்ணாச்சி விற்றபோது அவர் பை வெறுமையாக இருந்தது. 1981-இல் கோடக்கின் பை நிறைந்திருந்தது. நிறைந்த பையுடன் இருந்தபோது செய்யாததை, கடன் சூழ்ந்தபின் செய்யப் பார்த்தார்கள். மாணவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன், தேர்வில் கேட்கமாட்டார்கள்.

கோடக் கம்பெனி 2013-இல் திவாலிலிருந்து மீண்டு, சிறிய கம்பெனியாக வாழ்ந்துவருகிறது. கொரோனா பெருந்தொற்று பரவிய 2020-இல், ஜூலை 28ஆம் நாள், ஒரு செய்தி வந்தது. மருந்து செய்வதற்கு வேண்டிய இரசாயன மூலப்பொருள்களைத் தயாரிக்க, கோடக்குக்கு 76 கோடியே 50 இலட்சம் டாலர் கடன் கொடுக்க அமெரிக்க அரசு முன்வந்திருக்கிறது என்பதே அச்செய்தி. மூன்று டாலருக்கும் குறைவாக இருந்த பங்கின் விலை, மறுநாள் ஒரு வேளையில் 60 டாலரைத் தொட்டது. அடுத்த சில நாட்களில், செய்தி வருவதற்குமுன் பங்குகள் கைமாறிய விதத்தைப்பற்றிக் கேள்விகள் எழுந்தன. கடன் நிறுத்தி வைக்கப்பட்டது. பங்கின் விலையும் இறங்கிற்று. அரசுக் கடன் இல்லாமலே சிறிய அளவில் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

கிங்ஸ்போர்ட்டின் இரசாயனத் தொழிற்சாலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1994-இல் தனியே பிரிந்த அக்கம்பெனி, தன்னை ஈன்ற கம்பெனியைவிடப் பன்மடங்கு பெரிதாக வளர்ந்துவிட்டது. அதன் பெயரில் ஈஸ்ட்மன் இருக்கிறது, கோடக் இல்லை.